காற்றைக் கிழிக்க வேண்டியதில்லை: டிரெய்லரின் வடிவமும் காற்றுத் தடையும்

வேகமாகப் போகிற வண்டியைப் பார்த்தால் ‘காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது’ என்போம். பேச்சுக்கு நல்ல சொல்தான். ஆனால் காருக்குப் பின்னால் ஒரு கேரவன் டிரெய்லரை, அதாவது படுக்கை, அடுப்பு, மேசையெல்லாம் உள்ளே இருக்கிற ஒரு சக்கர வீட்டை, மாட்டி இழுக்கப் போகிறவரை இந்தச் சொல் வேறு திசையில் கூட்டிப்போய்விடுகிறது. கிழிக்க வேண்டுமென்றால் கூர்மை வேண்டுமே! அதனால் மூக்கு கூராக இருக்கும் டிரெய்லரே எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று நம்பிவிடுகிறார்கள். இன்னொரு சாரார் எடையைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை. ‘இது அதைவிட 300 கிலோ குறைவு, மைலேஜ் நன்றாக இருக்கும்’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் டாங்கைக் காலி செய்வது பெரும்பாலும் வேறு காரணம். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய கணக்கெல்லாம் தேவையில்லை. காற்று ஒரு பொருள், அதற்கும் கனம் உண்டு என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் போதும்.

ஒரு விநாடிக்கு 180 கிலோ

வாளி நிறையத் தண்ணீர் எடுத்து, உள்ளங்கையை விரித்து உள்ளே வேகமாகத் தள்ளிப் பாருங்கள். கை திணறும். அதே கையைப் பக்கவாட்டில் திருப்பி, விளிம்பு முன்னால் வரும்படி தள்ளினால் சுலபமாகப் போகும். காற்றிலும் இதேதான் நடக்கிறது. தண்ணீரைவிடக் காற்று மிக லேசானது என்பதால் மெதுவாக நடக்கும்போது நமக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

லேசு என்றால் எவ்வளவு? கடல்மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 2.4 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் உள்ள ஒரு டிரெய்லரின் உடலை எடுத்துக்கொள்வோம். முன்னாலிருந்து பார்த்தால் 6 சதுர மீட்டர். மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். ஆக, ஒவ்வொரு விநாடியும் அந்த டிரெய்லர் 150 கன மீட்டர் இடத்தைக் கடந்து போகிறது. அந்த இடத்தில் ஏற்கெனவே இருந்த காற்று 180 கிலோ. ஒரு நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் பத்து டன்னுக்கு மேல்.

இவ்வளவு காற்றும் விலகி வழிவிட வேண்டும், டிரெய்லர் போன பின் மறுபடி வந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். அலுங்காமல் விலகி அலுங்காமல் சேர்ந்துகொண்டால் செலவு குறைவு. மோதி, சிதறி, சுழன்று அலைந்தால், அந்தச் சுழற்சிக்கான ஆற்றலை உங்கள் எஞ்சின்தான் கொடுத்திருக்கிறது. இப்படிக் காற்று வண்டியைப் பின்னால் பிடித்து நிறுத்தப் பார்க்கும் விசைக்குத்தான் காற்றுத் தடை என்று பெயர்.

வேகம் கொஞ்சம், தடை அதிகம்

காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு. 90-லிருந்து 108-க்குப் போனால் வேகம் 20 சதவீதம்தான் கூடியிருக்கிறது, ஆனால் தடை 44 சதவீதம் கூடிவிடும். அந்தத் தடையை அதிக வேகத்தில் தள்ள வேண்டியிருப்பதால் காற்றுக்காக எஞ்சின் தர வேண்டிய திறன் 73 சதவீதம் ஏறும்.

தன்னைப் பொறுத்து நீங்கள் எவ்வளவு வேகமாகப் போகிறீர்கள் என்பது மட்டுமே காற்றுக்குத் தெரியும். சாலையைப் பொறுத்து எவ்வளவு என்பது அதற்குத் தெரியாது. 80-ல் போகும்போது எதிரே 20 கி.மீ. வேகத்தில் காற்று வீசினால், 100-ல் போவதாகவே கணக்கு. தடை பாதிக்கு மேல் கூடிவிடும். போகும்போது ஒரு மைலேஜ், திரும்பும்போது வேறு மைலேஜ் என்று குழம்புகிறவர்கள் முதலில் அன்று காற்று எந்தப் பக்கம் வீசியது என்று பார்ப்பது நல்லது.

இப்போது எடைக்கு வருவோம். டயர் உருளும்போது நசுங்கி நசுங்கி மீள்கிறது. அதில் வீணாகும் ஆற்றல் ஒரு தடையாக வெளிப்படுகிறது. இது உருளல் தடை. இது எடையைப் பொறுத்தது, வேகத்தால் அதிகம் மாறாது. நல்ல சாலையில் எடையில் சுமார் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். காரும் டிரெய்லரும் சேர்ந்து 4 டன் என்றால், 40 கிலோ மூட்டையைத் தூக்கப் பிடிக்கும் அளவு விசை. அதே ஜோடிக்கு, டிரெய்லர் பெட்டி வடிவில் இருந்தால், மணிக்கு 90 கி.மீ.யில் காற்றுத் தடை 100 கிலோ மூட்டையைத் தூக்கும் விசையைத் தாண்டுவது சாதாரணம்.

முன்னே சொன்ன 300 கிலோவை இதில் பொருத்திப் பாருங்கள். எடையில் 300 கிலோ குறைத்தால், சமதளச் சாலையில் தடை குறைவது 3 கிலோ மூட்டை அளவு. 90-லிருந்து 80-க்கு வேகத்தைக் குறைத்தால் 20 கிலோ மூட்டைக்கு மேல் குறையும். எந்தப் பக்கம் கவனம் வைக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு ஒப்பீடே போதும்.

எடை பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மலையேற்றத்திலும், நின்று நின்று கிளம்பும் சாலையிலும் எடைதான் பெரிய செலவு. பிரேக்குக்கும் இழுக்கும் வண்டியின் வரம்புக்கும் எடையே கணக்கு. சமதள நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது மட்டும் காற்று முந்திக்கொள்கிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: டிரெய்லர் ஒவ்வொரு விநாடியும் நூறு கிலோவுக்கு மேல் காற்றை நகர்த்துகிறது. அதற்கான செலவு வேகத்தோடு மிக வேகமாக ஏறுகிறது. எடையின் செலவு அப்படி ஏறுவதில்லை.

நிழலின் அளவும் வடிவத்தின் மதிப்பெண்ணும்

வேகத்தை ஓட்டுபவர் முடிவு செய்கிறார். மீதி இரண்டு விஷயங்கள் டிரெய்லரிலேயே இருக்கின்றன.

ஒன்று, முகப்புப் பரப்பு. வெகுதூரத்திலிருந்து நேர் முன்னால் விளக்கடித்தால், டிரெய்லருக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுவரில் விழும் நிழலின் அளவு என்று இதை நினைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லர் எவ்வளவு நீளம் என்பது இதில் வராது. அகலமும் உயரமும்தான்.

இரண்டு, தடைக் குணகம். அதே அளவு நிழல் விழும் இரண்டு பொருள்களில் எது காற்றை அதிகம் கலைக்கிறது என்பதற்கான மதிப்பெண். குறைவாக இருந்தால் நல்லது. தட்டையான முகத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கும் கனசதுரத்துக்கு இது ஏறத்தாழ 1.05. பந்துக்கு 0.47 அளவில். இன்றைய கார்கள் பெரும்பாலும் 0.25-க்கும் 0.35-க்கும் இடையில். நன்றாக வார்க்கப்பட்ட மீன் போன்ற வடிவத்துக்கு 0.05-ஐ ஒட்டி வரும்.

இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் உண்மையான அளவு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ‘ஏரோடைனமிக் வடிவம்’ என்று சொன்னதுமே எரிபொருள் மிச்சம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 6 சதுர மீட்டரும் 0.6 குணகமும் உள்ள வழவழப்பான பெரிய டிரெய்லரின் பெருக்கம் 3.6. 3.5 சதுர மீட்டரும் 0.9 குணகமும் உள்ள குட்டைப் பெட்டியின் பெருக்கம் 3.15. பார்க்க முரட்டுப் பெட்டியாக இருந்தாலும் குட்டையே ஜெயிக்கிறது. போகும்போது மடித்துத் தாழ்த்தி, நிறுத்திய பின் கூரையை உயர்த்திக்கொள்ளும் டிரெய்லர்கள் இழுக்கச் சுலபமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

இன்னொரு விஷயம்: டிரெய்லர் தனியாகப் போவதில்லை. முன்னால் கார் போகிறது. கார் ஏற்கெனவே காற்றை விலக்கிவிட்டதால், காருக்குப் பின்னால் மறைந்திருக்கும் பகுதிக்குக் காற்றின் அடி குறைவு. காரின் கூரைக்கு மேலே எட்டிப் பார்க்கும் பகுதிக்கும், பக்கங்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கும்தான் முழு அடி.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு மாலைப் பயணம் முடித்து நிறுத்தியதும் டிரெய்லரின் முன்சுவரைப் பாருங்கள். கீழ்ப்பாதி ஏறக்குறையச் சுத்தமாக இருக்கும். காரின் கூரை மட்டத்துக்கு மேலே திடீரென்று பூச்சிகளின் கறை ஆரம்பிக்கும், நெற்றிப் பகுதியில் அடர்த்தியாக அப்பிக்கிடக்கும். காற்று நேராக வந்து முட்டும் இடத்தின் வரைபடம் அது. சுவர் வளைந்து பின்னோக்கிச் சாயும் இடத்தில் கறை மெலிந்து, நீண்ட கோடுகளாக மாறியிருக்கும். அங்கே காற்று முட்டாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. பூச்சியைவிடக் காற்று சுலபமாகத் திரும்பும் என்பதால் இது அச்சு அசலான அளவு இல்லை. ஆனாலும் எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்டிவிடும்.

முகத்துக்குக் கூர்மை வேண்டாம், விளிம்பு உருண்டால் போதும்

ஓடிக்கொண்டே வருகிற ஒருவரால் செங்குத்தான தெருமுனையில் சுவரை ஒட்டியே திரும்ப முடியாது. வேகத்தில் விலகிப் போய், அகலமாக வளைந்துதான் திரும்புவார். முனை வளைவாக இருந்தால் சுவரை ஒட்டியே போகலாம். காற்றும் அப்படித்தான். பெட்டியின் முன்சுவரில் முட்டி, பக்கவாட்டில் ஓடி, கூரான விளிம்பை அடையும்போது அதனால் சட்டென்று திரும்ப முடிவதில்லை. சுவரை விட்டு விலகிப் போய்விடுகிறது. இதை ஓட்டம் பிரிதல் என்று சொல்லலாம். பிரிந்த இடத்துக்கும் சுவருக்கும் நடுவே காற்று சுழன்றுகொண்டு கிடக்கும். காற்றின் பார்வையில் டிரெய்லர் உண்மையில் இருப்பதைவிடப் பெரிதாகிவிடுகிறது.

இதற்கு நல்ல சோதனைச் சான்று 1970களில் கிடைத்தது. அமெரிக்காவின் நாசா விமான ஆய்வு மையத்தில் எட்வின் சால்ட்ஸ்மன் என்ற பொறியாளர் மிதிவண்டியில் வேலைக்குப் போகும்போது, கடந்து போகும் பெரிய லாரிகள் தன்னை முதலில் தள்ளுவதையும் பிறகு இழுப்பதையும் கவனித்தார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ஆய்வில், ஒரு வேனைச் சுற்றி அலுமினியத் தகடு அடித்து, எல்லா விளிம்பும் கூராக இருக்கும் செருப்புப் பெட்டி போல மாற்றினார்கள். பிறகு விளிம்புகளை ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டே வந்தார்கள். முன்னும் பின்னும் உள்ள செங்குத்து விளிம்புகளை மட்டும் உருட்டியதில் காற்றுத் தடை 40 சதவீதம் குறைந்தது. இதற்காக உள்ளே இழந்த இடம் 1.3 சதவீதம்தான். கிடைமட்ட விளிம்புகளையும் உருட்டியபோது மொத்தக் குறைவு 54 சதவீதம்.

எனக்கு இந்தச் சோதனையில் மிகவும் பிடித்த எண் அந்த 1.3. நல்ல வடிவம் வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் இடத்தைத் தியாகம் செய்ய வேண்டும் என்ற பயத்தை அது போக்கிவிடுகிறது. ஏவுகணை மூக்கு தேவையே இல்லை. அகலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வளைவு ஆரம் இருந்தாலே, முன்விளிம்பில் கிடைக்க வேண்டிய பலனில் பெரும்பகுதி கிடைத்துவிடும். ஆப்பு போல நீண்ட மூக்கு வைத்துவிட்டு, அந்த மூக்கு பக்கச்சுவரோடு சேரும் இடத்தையும் கூரையோடு சேரும் விளிம்பையும் கூராக விட்டுவிட்டால், பிரச்சினை இடம் மாறியிருக்கிறதே தவிரத் தீரவில்லை.

ஆக முன்பக்கத்தில் பார்க்க வேண்டியது கூர்மையை இல்லை, விளிம்பின் வளைவை. முக்கியமாகக் காரின் கூரைக்கு மேலே தெரியும் நெற்றியின் வளைவை.

வாலில் இருக்கிறது விஷயம்

முன்பக்கம் சரியான பிறகும் பெரிய செலவு ஒன்று மிச்சமிருக்கும். அது பின்னால் இருக்கிறது, அதனால் யாரும் பார்ப்பதில்லை.

ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, அதற்கு முன்னால் உருண்டையான பாட்டில் ஒன்றை நிறுத்துங்கள். பாட்டிலின் இந்தப் பக்கமிருந்து, சுடருக்கு நேராக ஓங்கி ஊதுங்கள். பாட்டில் மறைத்துக்கொண்டிருந்தாலும் சுடர் அணைந்துவிடும். காற்று பாட்டிலின் வளைவைத் தழுவிக்கொண்டு போய்ப் பின்னால் சேர்ந்துவிடுகிறது. இப்போது பாட்டிலை எடுத்துவிட்டு, அதே அகலத்தில் ஒரு தட்டையான அட்டையை நிறுத்தி ஊதுங்கள். சுடர் அணையாது. அட்டையின் பக்கமாக, அதாவது ஊதுகிற உங்களை நோக்கி, சாயும்.

ஊதியது அந்தப் பக்கம், சுடர் சாய்வது இந்தப் பக்கம். அட்டையின் விளிம்பில் பிரிந்த காற்று, பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு சுழலை உண்டாக்கி, அங்கிருக்கும் காற்றை முன்னோக்கி இழுக்கிறது. தட்டையான பின்சுவர் கொண்ட டிரெய்லர் நெடுஞ்சாலையில் போகும்போது அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய அறை அளவுக்கு இதே சுழல் கூடவே வந்துகொண்டிருக்கும். இதைப் பின்சுழல் என்போம். முன்சுவரைக் காற்று தள்ளுகிறது, பின்சுவரைக் குறைந்த அழுத்தம் பின்னால் உறிஞ்சுகிறது. இரண்டும் ஒரே திசையில், வண்டிக்கு எதிராக வேலை செய்கின்றன. மண்சாலையிலோ மழையிலோ போய்விட்டு வந்தால் பின்சுவரும் பின்சன்னலும்தான் அதிகமாக அழுக்காகியிருக்கும். சக்கரம் கிளப்பிய புழுதியைப் பின்சுழல் சுருட்டி எடுத்து வந்து சுவரில் அப்பிவிடுகிறது.

இதைக் குறைக்க ஒரே வழி, காற்று பிரிவதற்கு முன் உடலைக் குறுக்கிக்கொண்டே போவது. கூரையும் பக்கங்களும் பின்னோக்கி மெதுவாகச் சரிய வேண்டும். மெதுவாக என்பது முக்கியம். 10 முதல் 15 பாகை வரை சாய்த்தால் காற்று ஒட்டிக்கொண்டே இறங்கும். சட்டென்று சரித்தால் பாதியிலேயே பிரிந்துவிடும், சரித்தும் பலன் குறைவு. முனைவரை குறுக்க வேண்டும் என்பதும் இல்லை. கொஞ்ச தூரம் சரியாகக் குறுக்கி, பிறகு நறுக்கென்று வெட்டிவிட்டாலும் பெரும்பகுதி பலன் நிற்கிறது என்று 1930களிலேயே ஜெர்மானியப் பொறியாளர் வுனிபால்ட் காம் காட்டினார். அந்த வெட்டுவால் வடிவத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

கண்ணீர்த்துளி டிரெய்லர் என்று சொல்லப்படும் சின்ன டிரெய்லர்களை இப்போது மறுபடி பாருங்கள். உருண்ட பக்கம் முன்னால், மெலிந்த பக்கம் பின்னால். ‘காற்றைக் கிழிக்கிற’ கணக்கில் பார்த்தால் தலைகீழாக மாட்டியது போல இருக்கும். காற்றின் கணக்கில் அதுதான் நேர். (சொல்லப்போனால் விழுகிற மழைத்துளி இந்த வடிவத்தில் இருப்பதே இல்லை. சின்னத் துளி உருண்டையாக இருக்கும், பெரிய துளி அடியில் தட்டையாகிவிடும்.)

பழைய ஆள்கள் இதை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். 1934இல் அமெரிக்காவில் ரோடு சீஃப் என்ற அலுமினிய டிரெய்லரை உருவாக்கிய ஹாலி போலஸ், கிளைடர் எனப்படும் எஞ்சின் இல்லாத விமானங்களின் வடிவமைப்பாளர். விமானி லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைக் கடந்த விமானம் கட்டப்பட்ட தொழிற்கூடத்தில் மேற்பார்வை பார்த்தவர். அவருடைய டிரெய்லரில் கதவு முன்பக்கம், இழுவைத் தண்டுக்கு மேலே இருந்தது. வால் குறுகிக்கொண்டே போய் முடிந்தது. இரண்டு வருடம் கழித்து, 1936இல் வாலி பையம் கொண்டுவந்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் டிரெய்லரும் ரிவெட் அடித்த அலுமினிய உருண்டை உடல்தான்.

அப்படியிருந்தும் இன்று பெட்டிகளே அதிகம் ஓடுவதற்குக் காரணம் அறியாமை இல்லை. தட்டைச் சுவரைக் கட்டுவது மலிவு, அலமாரியும் படுக்கையும் மூலைவரை பொருந்தும். நின்றிருக்கும் நாள்கள் ஓடும் நாள்களைவிட அதிகம் என்றால் அந்தப் பரிமாற்றம் நியாயமானதே. ஓடுவதே அதிகம் என்றால், வாலைப் பார்த்து வாங்குங்கள்.

இடைவெளி, கூரை, பக்கக்காற்று

காருக்கும் டிரெய்லருக்கும் நடுவே உள்ள இடைவெளி அதிகமானால் காரைத் தாண்டிய காற்று உள்ளே இறங்கி முன்சுவரில் முட்டும். வளைவில் திரும்ப இடம் வேண்டும் என்பதால் இதை இஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. காரின் கூரையில் பொருத்தும் காற்றுத்திருப்பித் தகடு இங்கேதான் உதவுகிறது: முன்முகம் தட்டையாக, காரைவிட உயரமாக இருந்து, தகட்டைத் தாண்டும் காற்று டிரெய்லரின் மேல்விளிம்பை ஒட்டிப் போகும்படி கோணம் அமைந்தால் பலன் நிச்சயம். கோணம் தவறினால் நிழலைப் பெரிதாக்கியதுதான் மிச்சம். முன்முகம் ஏற்கெனவே நன்றாக உருண்டிருந்தால் தகடு தருவதற்கு அதிகம் எதுவும் இருக்காது.

கூரைமேல் உள்ள ஏசிப் பெட்டி, பக்கத்தில் சுருட்டிக் கட்டிய பந்தல், அடியில் தொங்கும் குழாய்கள், அச்சு எல்லாம் தலைக்குக் கொஞ்சம் சேர்க்கின்றன. பக்கக்காற்றைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. காற்று கோணலாக வரும்போது காரின் மறைப்பு பாதி போய்விடும், நீண்ட பக்கச்சுவரும் கணக்கில் வந்துவிடும். செங்குத்து விளிம்புகள் உருண்டிருந்தால் தடை கூடுவது குறையும். ஆனால் பக்கக்காற்றில் டிரெய்லர் ஆடத் தொடங்கினால் அது மைலேஜ் விஷயம் இல்லை, உயிர் விஷயம். வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

மின்கார் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவும் உடனே உறைக்கும். பெட்ரோல் எஞ்சின் எப்போதுமே ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக விடுகிறது. சுமை கூடும்போது அதன் செயல்திறன் கொஞ்சம் மேம்படுவதால் காற்றின் செலவு ஓரளவு மறைந்துவிடும். மின்மோட்டாரில் அப்படி மறைக்க எதுவும் இல்லை. தடை இரட்டிப்பானால் பேட்டரி அப்படியே காட்டிவிடும். பெரிய பெட்டி டிரெய்லரை மாட்டியதும் ஓடும் தூரம் பாதியாவது பலருடைய அனுபவம்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

காரின் கையேட்டில் இழுக்கக்கூடிய எடையைப் பார்க்கும்போது, டிரெய்லரின் முகப்புப் பரப்புக்கு வரம்பு போட்டிருக்கிறதா என்றும் தேடுங்கள். பல தயாரிப்பாளர்கள் போடுகிறார்கள், படிப்பவர்கள் குறைவு. எடை வரம்புக்குள் இருந்தும் எஞ்சின் சூடாகித் திணறுகிற வண்டிகளில் சிலவற்றுக்கு இதுவே காரணம்.

டிரெய்லரைப் பார்க்கப் போனால் காரை அதன் முன்னால் நிறுத்தி, பத்து இருபது அடி தள்ளி நின்று நேர் முன்னாலிருந்து பாருங்கள். கூரைக்கு மேலே எவ்வளவு தெரிகிறது? தெரியும் விளிம்பு உருண்டிருக்கிறதா? அப்புறம் பக்கவாட்டுக்கு வந்து, கூரைக்கோடு வாலில் எப்படி முடிகிறது என்று பாருங்கள்.

ஏற்கெனவே பெட்டி டிரெய்லர் இருக்கிறது, மாற்றும் எண்ணம் இல்லை என்றால், உங்கள் கையில் இருப்பது வேகம். காற்றில்லாத ஒரு நாளில், சமமான சாலையில், ஒரே தூரத்தை 80-ல் ஒருமுறையும் 95-ல் ஒருமுறையும் போய் வந்து, இரண்டு தடவையும் மீட்டர் காட்டும் சராசரியைக் குறித்துக்கொள்ளுங்கள். போகவும் வரவும் இரண்டு திசையிலும் ஓட்டினால் சரிவும் மெல்லிய காற்றும் பெரும்பாலும் சமன்பட்டுவிடும். உங்கள் காருக்கும் உங்கள் டிரெய்லருக்கும் உரிய எண் அப்போது கிடைத்துவிடும். முடித்த கையோடு கழுவிவிட வேண்டாம். முன்னால் பூச்சிக் கறை எங்கே தொடங்குகிறது, பின்னால் புழுதி எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் தண்ணீரைத் திறக்கலாம்.